ட்யூப் லைட் சோக் இல்லை சார்!

என் ஸ்கூட்டருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. காலை எட்டு மணிக்கு பட்டனை ஒரே ஒரு தடவை அமுக்கினால் போதும், 'உர்ர்' என்று எழுந்து கொள்ளும். மார்கழிப் பனியில் எதிர் ஃப்ளாட்காரர் தன் பைக்கை உதைத்து உதைத்து, லுங்கி பாதி அவிழ்ந்து, கடவுளையும் கம்பெனியையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருக்கும்போது, நான் ஒரு விரலால் ஸ்டார்ட் செய்துவிட்டு அவரைப் பரிதாபமாகப் பார்ப்பேன். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே ஆபீஸ் போகலாம் போலிருக்கும்.

இது நடந்தது 2022 டிசம்பரில். வண்டிக்கு அப்போது பதினொரு வயசு. அந்த நல்ல குணம்தான் என்னைப் பிடித்த வியாதி என்று தெரிய எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. அதற்குள் ஒரு மனுஷனின் வேலைக்கு உலை வைத்துவிட்டேன். வரிசையாகச் சொல்கிறேன்.

நான் பெட்ரோல் போட்டால் டைரியில் எழுதுகிற ஜாதி. தேதி, லிட்டர், மீட்டர் ரீடிங். (கல்யாணத்துக்கு முன் கவிதை எழுதிய அதே டைரி. பக்கம் வீணாகக் கூடாது.) குரோம்பேட்டையிலிருந்து ஆபீஸ் போய்வர 36 கிலோமீட்டர். வருஷக்கணக்காக லிட்டருக்கு 45 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, அக்டோபரில் 38 ஆயிற்று. நவம்பரில் 33. டிசம்பர் முதல் வாரம் 28. சென்னையில் பெட்ரோல் நூறைத் தாண்டியது 2021-ல். அப்போது 102 ரூபாய் சொச்சம். கணக்குப் போட்டால் தினம் அரை லிட்டர், அதாவது ஐம்பது ரூபாய், எங்கேயோ போகிறது.

எங்கே?

வண்டி காலையில் ஒரே அமுக்கில் கிளம்புகிறது. ஆகவே வண்டியில் கோளாறு இல்லை. ஆகவே யாரோ பெட்ரோல் எடுக்கிறார்கள். ராத்திரி பார்க்கிங்கில் விழித்திருப்பவர் ஒரே ஒருவர். எத்தனை சுத்தமான லாஜிக் பாருங்கள்! பி.எஸ்ஸி. கணக்கில் முதல் வகுப்பு வாங்கியவன் சார் நான்.

எங்கள் வாட்ச்மேனுக்கு அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். திண்டிவனம் பக்கம். பேச்சு குறைவு. ஆனால் விடியற்காலையில் எழுந்து, ஒரு மஞ்சள் துணியால் எல்லா வண்டி சீட்டிலும் பனியைத் துடைத்து வைப்பார். யாரும் சொல்லிச் செய்வதில்லை, யாரும் காசு கொடுப்பதும் இல்லை. அவர் ரூமில் ஒரு வெள்ளை கேன் இருந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் வைக்கிற கேன் அது. எனக்கு அந்தச் சமயத்தில் அது வேறு மாதிரி தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் அசோசியேஷன் செகரெட்டரியைப் பார்த்தபோது வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், பெட்ரோல் கொஞ்சம் குறையற மாதிரி இருக்கு... ராத்திரியிலே..."

"யாரு, நம்ம ஆளா?"

"சேச்சே, நான் அப்படிச் சொல்லலே..."

நான் அப்படித்தான் சொன்னேன். 'சேச்சே' என்ற வார்த்தையைத் தமிழில் வேறு எதற்கும் யாரும் பயன்படுத்துவதில்லை.

செகரெட்டரி ரிட்டயர்டு ஆசாமி. ஒரு பிரச்னைக்காகக் காத்துக்கொண்டிருந்தவர். பத்தே நாளில், 'வயசாயிடுச்சு, ராத்திரி தூங்கறார்' என்று ஏதோ காரணம் சொல்லி, ஜனவரி ஒண்ணாம் தேதியிலிருந்து வர வேண்டாம் என்று பெரியவரிடம் சொல்லிவிட்டார். பெட்ரோல் விஷயத்தை அவரிடம் சொல்லவில்லையாம். "நாம எதுக்கு சார் பாவத்தைக் கட்டிக்கணும்?" என்றார். எனக்கு வயிற்றில் ஏதோ பிசைந்தது. ஆனால் அன்றைக்கும் மைலேஜ் 28.

இதற்கிடையில் வண்டி இன்னொரு வேலை காட்ட ஆரம்பித்திருந்தது. காலையில் கிளம்புகிற அதே வண்டி, பெட்ரோல் பங்க்கில் அணைத்துவிட்டு மறுபடி அமுக்கினால் கிளம்பாது. கிண்டியில் ஒரு நாள் சிக்னலில் அணைந்துவிட்டது. பின்னால் ஒரு மாநகரப் பேருந்து. டிரைவர் ஹாரனிலேயே என் பரம்பரையை விசாரித்தார். ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கிக்கொண்டு அமுக்கினால் சிறிது நேரம் கழித்து, பின்னால் கரும்புகை விட்டு, இருமிக்கொண்டே எழுந்திருக்கும். மூன்று நாள் லேட், அரை நாள் லீவு கட்.

வைத்தியம் பார்த்தேன். தெருமுனை மெக்கானிக், "கார்புரேட்டர்லே அழுக்கு" என்று கழற்றி மாட்டினார், 400 ரூபாய். கண்ணாடிக் கதவும் ஏ.ஸி.யும் போட்ட ஒரு சர்வீஸ் சென்டரில் ஏர் ஃபில்டர், ப்ளக் மாற்றினார்கள், 1,150. மூன்றாவது ஆசாமி எக்ஸாஸ்டை மோந்து பார்த்துவிட்டு, "இன்ஜின் போயிடுச்சு சார். போர் பண்ணி பிஸ்டன் மாத்தணும். எட்டாயிரம் ஆவும்" என்றார். நம் ஊரில் நாடி பார்க்கத் தெரியாத டாக்டர்தான் முதலில் ஆபரேஷன் என்பார்.

என் மாமாவுக்கு போன் போட்டேன். ஐ.டி.ஐ.யில் இன்ஸ்ட்ரக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். தாம்பரத்தில் ஜாகை. யாரையும் உட்கார வைத்துப் பாடம் எடுக்காமல் விட மாட்டார் என்பதால் சொந்தக்காரர்கள் அவரைக் கடைசி நிமிஷத்தில்தான் கூப்பிடுவார்கள்.

"டேய், காலையிலே எப்படி?"

"பிரமாதம் மாமா. ஒரே அமுக்கு."

"சூடானப்புறம்?"

"தகராறு."

"பழைய ப்ளக் இருக்கா? என்ன கலர்?"

"கறுப்பு. கண் மை மாதிரி."

"ஈரமா?"

"இல்லே, தொட்டா கையிலே ஒட்டறது."

"சோக்கைப் பாரு."

"மாமா, என் வண்டியிலே சோக்கே கிடையாது. லீவரே இல்லே."

"லீவர் இல்லேன்னா சோக் இல்லேன்னு அர்த்தமா? ஆட்டோ சோக்டா. எலெக்ட்ரிக் சோக். கார்புரேட்டர் பக்கத்திலே கட்டை விரல் சைஸ்லே, ரெண்டு ஒயர் போவுமே, அது. முதல்லே இன்னொண்ணு செய். ராத்திரி டாங்க்குலே ஒரு குச்சியை விட்டுக் கோடு போடு. காலையிலே மறுபடி விட்டுப் பாரு."

விட்டுப் பார்த்தேன். மூன்று ராத்திரி. கோடு ஒரு நூல் கூடக் கீழே இறங்கவில்லை.

இந்த இடத்தில் நான் நேரே செகரெட்டரி வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. 'நான் குச்சி விடுவதைப் பார்த்துவிட்டு ஆள் உஷாராகியிருக்கலாம்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தப்பு செய்தவனுக்கு வரும் கற்பனை சக்தி, சினிமாக்காரர்களுக்கே வராது.

சரி, சோக். மறுநாள் ஆபீஸ் விட்டு வரும் வழியில் ஓர் எலெக்ட்ரிக்கல் கடையில் ஏறி, "எலெக்ட்ரிக் சோக் ஒண்ணு வேணும்" என்றேன். கடைப்பையன், "நாப்பது வாட்டா சார்?" என்றான்.

"வாட்டெல்லாம் தெரியாது. ஸ்கூட்டருக்கு."

அவன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி என்னைப் பார்த்தார். "சார் ஸ்கூட்டர்லே ட்யூப் லைட் போடறாராம்பா" என்றார். அதற்கப்புறம் அந்தத் தெருவிலேயே நான் பல்பு வாங்குவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமாவே பஸ் பிடித்து வந்துவிட்டார். நான் ரிச்சி ஸ்ட்ரீட்டில் 250 ரூபாய்க்கு வாங்கிய மல்டிமீட்டருடன் தயாராக நின்றேன். வண்டியைத் தொடுவதற்கு முன் முக்கால் மணி நேரம் பாடம். அதை நான் சுருக்கித் தருகிறேன். நீங்கள் ஆபீஸில் இருப்பீர்கள்.

பெட்ரோல் திரவமாக எரியாது. ஆவியாகித்தான் எரியும். சூடான இன்ஜினுக்கு ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று, எடைக் கணக்கில். ஆனால் காலையில் இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது, போகிற பெட்ரோலில் பாதி ஆவியாகாமல் குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் கூடுதலாக ஊற்ற வேண்டும். அந்தக் காலத்து கார்புரேட்டரில் ஒரு தகட்டை மூடிக் காற்றைக் குறைப்பார்கள். சோக் என்றால் கழுத்தை நெரிப்பது, அதுதான் பெயர்க் காரணம். இந்த மாதிரி ஸ்கூட்டரில் யாரும் யார் கழுத்தையும் நெரிப்பதில்லை. ஒரு சின்ன தனி வழி இருக்கிறது, அதில் கூடுதல் பெட்ரோல் போகும். பெயர் மட்டும் பழைய பெயர்.

அந்த வழியைத் திறந்து மூடுகிற ஆசாமிதான் எலெக்ட்ரிக் சோக். உள்ளே இருப்பது மெழுகு. நிஜமாகவே மெழுகு சார். அதோடு ஒரு சின்ன ஹீட்டர். வீட்டில் கொசு மருந்து பாட்டிலைச் செருகிச் சுவரில் மாட்டுகிறோமே, அதில் இருக்கும் அதே ஜாதி ஹீட்டர். சூடு ஏற ஏறத் தானே கரண்ட்டைக் குறைத்துக்கொள்ளும், எரிந்து போகாது. இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் கரண்ட் வரும், மெழுகு உருகி உப்பும், ஒரு ஊசியை முன்னே தள்ளும், ஊசி அந்த வழியை அடைக்கும். நாலைந்து நிமிஷத்தில் கூடுதல் பெட்ரோல் நின்றுவிடும். வண்டியை அணைத்தால் மெழுகு ஆறிச் சுருங்கும், ஊசி பின்வாங்கும், அடுத்த நாள் காலைக்கு வழி திறந்திருக்கும்.

இப்போது ஹீட்டர் செத்துப் போனால்? ஊசி முன்னே வரவே வராது. வழி திறந்தது திறந்தபடி. காலையில் ஜில்லென்று கிளம்ப அது அமிர்தம். ஒரே அமுக்கு! அதற்கப்புறம் குரோம்பேட்டையிலிருந்து ஆபீஸ் வரை, சாப்பிட்டு முடித்தவன் வாயில் இலை இலையாகப் பரிமாறிக்கொண்டே இருப்பது மாதிரி. கரும்புகை, கறுப்பு ப்ளக், சூட்டில் கிளம்பாமை, மைலேஜ் இழப்பு, எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகள். (மாறாக ஊசி முன்னே வந்த நிலையில் இறுகிவிட்டால் காலையில்தான் தகராறு. எதிர் ஃப்ளாட் லுங்கிக்காரர் கேஸ் இதுவாக இருக்குமோ என்றேன். "அது பைக். அதிலே லீவர் இருக்கும். அவருக்கு இழுக்கத் தெரியலே" என்றார் மாமா.)

பாடம் முடிந்து பரீட்சை. வண்டியை வெளியே வெட்டவெளியில் நிறுத்தச் சொன்னார். மூடின இடத்தில் இன்ஜினை ஓட்டிக்கொண்டு வேலை செய்வது உயிருக்கே ஆபத்து, அந்தப் புகைக்கு வாசனை தெரியாத விஷம் உண்டு. சோக்குக்குப் போகும் கனெக்டரைக் கழற்றி, சாவியைப் போட்டு, மீட்டர் முனைகளை நானே வைத்தேன். சைபர்.

"ஒயர் அறுந்திருக்கு மாமா!"

"இன்ஜினை ஓட்டுடா மொதல்லே. இன்ஜின் ஓடினாத்தான் இதுக்குக் கரண்ட்டு."

ஓட்டினேன். மறுபடியும் சைபர். "ஒயர்தான் மாமா!" என்றேன் வெற்றியோடு.

மாமா மீட்டரின் திருகைப் பார்த்தார். "டி.ஸி.யிலே வெச்சிருக்கே. இந்த வண்டியிலே இது பேட்டரியிலிருந்து வரலே. நேரா இன்ஜின் காயில்லேர்ந்து ஏ.ஸி.யா வருது. ஏ.ஸி.யை டி.ஸி.யிலே அளந்தா சைபர்தான் காட்டும். அதுக்காக ஒயரை எல்லாம் பிரிச்சுப் போட்டிருப்பே."

ஏ.ஸி.க்குத் திருகியதும் எண்கள் துள்ளின. ஆக்ஸிலேட்டரைத் திருகத் திருக ஏறின. கரண்ட் நன்றாகவே வந்துகொண்டிருக்கிறது. சில வண்டிகளில் இதற்கு டி.ஸி.யே போகும், நம் வண்டி எது என்று தெரியாமல் மீட்டரை நம்பக் கூடாது.

இன்ஜினை அணைத்துவிட்டு, இப்போது சோக்கின் இரண்டு ஒயர் முனைகளுக்கு நடுவே ஓம் பார்த்தோம். டிஸ்ப்ளேயில் இடது ஓரமாக '1'.

"ஒரு ஓம் காட்டறது மாமா. நல்லாயிருக்கு!"

"டேய், இடது பக்கம் தனியா நிக்கற ஒண்ணு, ஒண்ணு இல்லேடா. எனக்கு எட்டலேன்னு மீட்டர் கையை விரிக்குது. உள்ளே ஹீட்டர் அறுந்து போச்சு."

முதல் வகுப்புக் கணக்குப் பட்டதாரி தலையைக் குனிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை ஆபீஸில் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு ஜி.பி. ரோடு. வண்டி மாடல், வருஷம் சொல்லி, பழையதைக் காட்டித்தான் வாங்க வேண்டும். ஊசி நீளம் வண்டிக்கு வண்டி மாறும், பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. எட்டாயிரத்தையும் பிஸ்டனையும் நினைத்துக்கொண்டேன். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு புது ஸ்கூட்டர்களில் இன்ஜெக்‌ஷன்தான், இந்த மெழுகு வேலையெல்லாம் இல்லை என்றார் கடைக்காரர். "உங்களை மாதிரி பழைய வண்டி வெச்சிருக்கறவங்களாலேதான் நாங்க சாப்பிடறோம்" என்று வேறு சொன்னார். அதுவரை யாரும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை.

ராத்திரி ஏழரை மணி. பார்க்கிங்கில் விளக்கு மங்கல். நான் சீட்டைத் தூக்கிவைத்து ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து வெளிச்சம் விழுந்தது. வாட்ச்மேன் டார்ச்சுடன் நின்றார்.

"நான் புடிக்கிறேன் சார்."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பிடித்தார். கை கொஞ்சம் நடுங்கிற்று, ஆனால் வெளிச்சம் வேண்டிய இடத்தில் விழுந்தது. இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, பழைய சோக்கை உருவி எடுத்தேன். மாமா சொல்லியிருந்தபடி, ஸ்கூட்டர் பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து முதலில் பழையதற்குக் கொடுத்தேன். ஐந்து நிமிஷம். ஊசி அசையவில்லை, உடம்பு ஜில்லென்று இருந்தது. பிறகு புதியது. கையில் லேசாகச் சூடு தெரிந்தது. இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். கடிகாரத்தின் சின்ன முள் மாதிரி, நகர்வது தெரியாமல் நகர்ந்து, ஓர் அரிசி நீளத்துக்கு ஊசி வெளியே வந்து நின்றது.

"இது என்னா சார் பண்ணுது?"

சொன்னேன். பழையது வேலை செய்யாததால் பெட்ரோல் வீணாகப் போனதைச் சொன்னேன்.

"எம்மாம் நாளா சார்?"

"மூணு மாசமா."

"அடேயப்பா. இத்தினியூண்டு சாமான், அம்மாம் குடிச்சுதா?" என்று பழையதைக் கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஒண்ணாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள். "ஊர்லே பொண்ணு கூப்டுது சார், பாப்போம்" என்றார், நான் கேட்காமலே.

நாலு லிட்டர் போட்டு, வெள்ளிக்கிழமை வரை ஓட்டினேன். 180 கிலோமீட்டர். டைரியில் 45 என்று எழுதும்போது வழக்கமாக வருகிற சந்தோஷம் வரவில்லை.

அன்று ராத்திரியே செகரெட்டரி வீட்டுக்குப் போனேன். கையில் செத்துப்போன சோக். எல்லாம் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "இப்போ வந்து சொல்றீங்க? புது ஆளுக்கு ரெண்டாயிரம் அட்வான்ஸ் கொடுத்தாச்சே. கமிட்டியிலே எல்லாருக்கும் பெட்ரோல்னுதான் தெரியும். நாளைக்கு மீட்டிங். நீங்களே சொல்லிடுங்க" என்றார். அட்வான்ஸை நான் தருகிறேன் என்றேன். அதை உடனே ஒப்புக்கொண்டார்.

மறுநாள் மொட்டை மாடியில் பதினெட்டு பேர், பிளாஸ்டிக் நாற்காலிகள். தண்ணீர் லாரி, லிஃப்ட் ஏ.எம்.ஸி. எல்லாம் முடிந்து என் முறை வந்தது. எழுந்து, சோக்கை உயர்த்திக் காட்டி, மெழுகு, ஹீட்டர், ஊசி என்று ஆரம்பித்தேன். மூன்றாம் மாடி மாமி, "ட்யூப் லைட் சோக்கா?" என்றார். "இல்லை மாமி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே உட்கார்ந்துவிடலாமா என்று இருந்தது. உட்காரவில்லை. "பெட்ரோலை யாரும் எடுக்கலே. வண்டியிலேதான் கோளாறு. வாட்ச்மேன் பேரைச் சொன்னது என் தப்பு" என்றேன்.

சொல்லிவிட்டுத் திரும்பினால், மாடிப்படி வாசலில், டீ ஃப்ளாஸ்க்கும் பேப்பர் கப்புமாக அவர் நின்றிருந்தார்.

யாரும் பேசவில்லை. அவர் வரிசையாக வந்து எல்லோருக்கும் டீ ஊற்றினார். எனக்கும் ஊற்றினார்.

வேலை போகவில்லை. அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் எங்கள் கேட்டில் இருந்தார். ஜனவரி இரண்டாம் தேதி காலை நான் கீழே இறங்கியபோது எல்லா வண்டி சீட்டும் காய்ந்திருந்தது, என்னுடையதில் மட்டும் பனி முத்து முத்தாக நின்றது. நான்கைந்து நாள் பார்த்துவிட்டு, "பெரியவரே, என் மேலே கோபமா?" என்று கேட்டேன்.

"கோவம் என்னா சார்" என்றார். "உங்க வண்டியிலே கை வெச்சு, நாளைக்கு எதுனா கொறஞ்சிதுன்னா..."

பட்டனை அமுக்கினேன். ஒரே அமுக்கில் கிளம்பிற்று. அன்றிலிருந்து சீட்டுக்கு அடியில், மீட்டரோடு, ஒரு மஞ்சள் துணியும் வைத்திருக்கிறேன்.